மரகதத் தீவின் முதல் ஆண்டு

ஐரோப்பாக் கண்டத்தின் மேற்கெல்லையில், அட்லாண்டிக் மாகடலின் அலைகள் மோதும் இடத்தில், அயர்லாந்து என்னும் தீவு உள்ளது. ஆண்டு முழுவதும் தூறும் மழையினால் அதன் மேய்ச்சல் நிலங்கள் என்றும் பசுமை மாறாதிருக்கும். அதுபற்றியே புலவர் அதனை ‘மரகதத் தீவு’ என்று புனைந்துரைப்பர். பசுமை நிறைந்த அத்தீவின் வரலாறோ பசியும் போரும் நிறைந்ததாகும்.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்து மன்னனின் படைகள் அத்தீவில் கால்கொண்டன. நாளடைவில் நாடு முழுவதும் ஆங்கிலேயர் ஆட்சிக்கு உட்பட்டது. 1801ஆம் ஆண்டு முதல் அந்நாட்டிற்கெனத் தனியே இருந்த பாராளுமன்றமும் நீங்கியது. அயர்லாந்து பிரிட்டனோடு ஒன்றாக இணைக்கப்பட்டது. 1845ஆம் ஆண்டில் உருளைக்கிழங்குப் பயிரை ஒருவகை நோய் பற்றி அழித்தது. ஏழை மக்கள் பலருக்கு அக்கிழங்கே உணவு. அதனையடுத்து வந்த ஆண்டுகளில் ஏறத்தாழப் பத்து இலட்சம் மக்கள் பசியாலும் பிணியாலும் மாண்டனர். அத்தொகைக்குக் குறையாதோர் கப்பலேறி வேற்று நாடுகளை அடைந்தனர். இத்துன்பத்தை மக்கள் மறந்திலர். தம் நாட்டைத் தாமே ஆளவேண்டும் என்னும் வேட்கை அவர்தம் நெஞ்சில் தலைமுறைதோறும் வளர்ந்து வந்தது.

1916ஆம் ஆண்டு ஈஸ்டர் திருநாளை ஒட்டித் தலைநகராகிய டப்ளினில் ஒரு கிளர்ச்சி எழுந்தது. அது ஒரு கிழமைக்குள் அடக்கப்பட்டது. தலைவர் 15 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அத்தலைவர்கள் சிந்திய குருதி மக்களின் மனத்தை மாற்றியது. 1918ஆம் ஆண்டுத் தேர்தலில் அயர்லாந்திற்குரிய 105 இடங்களுள் 73 இடங்களை விடுதலை வேண்டிய ‘சின் பெயின்’ கட்சி கைப்பற்றியது. வென்றோர் இலண்டன் பாராளுமன்றம் செல்ல மறுத்து, 1919ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் ‘டாயில்’ என்னும் தம் மக்கள் மன்றத்தை டப்ளினிலேயே கூட்டினர். அதன்பின் இரண்டரை ஆண்டுகள் மறைந்திருந்து தாக்கும் போர் நிகழ்ந்தது. 1921ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் இருதரப்பினரும் போர் நிறுத்தம் செய்துகொண்டனர். அவ்வாண்டு டிசம்பர் 6ஆம் நாள் இலண்டன் மாநகரில் உடன்படிக்கை ஒன்று கையெழுத்தாயிற்று.

அயர்லாந்து மக்கள் நெடுங்காலம் வேண்டியிருந்த விடுதலைக்கு அவ்வுடன்படிக்கையே வாயிலாயிற்று. ஆனால், அவர்களுக்குள் பிளவு தோன்றுதற்கும் அதுவே காரணமாயிற்று. அதன்படி அயர்லாந்து ‘சுதந்திர அரசு’ என்னும் பெயருடன், கனடாவைப் போலப் பிரிட்டிஷ் பேரரசிற்குள் தன்னாட்சி பெற்ற நாடாக விளங்கும். மன்றத்தின் உறுப்பினர் இங்கிலாந்து மன்னருக்கு உண்மையாயிருப்பதாக உறுதிமொழி கூறல் வேண்டும். மூன்று துறைமுகங்கள் பிரிட்டிஷ் கடற்படையின் பயனுக்கு விடப்படும். வடகிழக்கிலுள்ள ஆறு மாவட்டங்கள் விரும்பினால் புதிய அரசினின்றும் விலகி நிற்கலாம்.

உடன்படிக்கையில் கையெழுத்திட்டோருள் தலையாயவர் இருவர். ஒருவர் ஆர்தர் கிரிபித். சின் பெயின் இயக்கத்தைத் தோற்றுவித்த பத்திரிகையாசிரியர். மற்றவர் மைக்கேல் காலின்ஸ். மறைப்போரை முன்னின்று நடத்திய இளைஞர். கிடைத்தது முழு விடுதலை அன்றாயினும், முழு விடுதலையை நோக்கி நடத்தற்குரிய உரிமை கிடைத்துவிட்டது என்பது காலின்ஸின் வாதம். மறுத்தால் மீண்டும் போர் மூளும். அதனைத் தாங்கும் வலிமை நாட்டிற்கு இல்லை என்பதும் அவருக்குத் தெரியும். மறுபுறம் நின்றவர் ஈமன் டி வலேரா. குடியரசின் பெயரால் சூளுரைத்துப் பலர் உயிர் நீத்திருக்க, இருப்போர் வேற்று நாட்டு மன்னருக்கு உறுதி கூறுதல் மாண்டோருக்குச் செய்யும் பிழையாகும் என்று அவரைச் சார்ந்தோர் கருதினர். இருசாராரும் நாட்டன்பு மிக்கவரே. ஒரு சாரார் கைக்கு எட்டியதைப் பற்றிக்கொண்டு மேலே ஏற எண்ணினர். மற்றொரு சாரார் கொடுத்த வாக்கினின்றும் அணுவளவும் பிறழலாகாது என எண்ணினர்.

1922ஆம் ஆண்டு ஜனவரி 7ஆம் நாள் மன்றத்தில் வாக்கெடுப்பு நிகழ்ந்தது. உடன்படிக்கையை 64 பேர் ஏற்றனர். 57 பேர் மறுத்தனர். ஏழே வாக்குகள் ஒரு நாட்டின் வழியை வகுத்தன. டி வலேரா பதவி துறந்தார். கிரிபித் மன்றத்தின் தலைவரானார். ஆட்சிப் பொறுப்பை ஏற்க அமைந்த இடைக்கால அரசிற்குக் காலின்ஸ் தலைமை தாங்கினார்.

ஜனவரி 16ஆம் நாள் டப்ளின் கோட்டை கைமாறியது. எழுநூறு ஆண்டுகளாக ஆங்கிலேயர் ஆட்சிக்கு இருப்பிடமாகவும், மக்களின் அச்சத்திற்கு உறைவிடமாகவும் விளங்கியது அக்கோட்டை. முந்திய ஆண்டு வரை காலின்ஸைப் பிடித்தற்குரிய ஆணைகள் பிறந்த இடமும் அதுவே. அவரே அன்று அதன் வாயிலினுட் புகுந்து, மன்னரின் பேராளரிடமிருந்து ஆட்சியைப் பெற்றுக்கொண்டார். குறித்த நேரத்திற்கு ஏழு நிமிடம் பிந்தி வந்த அவரை ஓர் அலுவலர் சுட்டிக்காட்டியபோது, எழுநூறு ஆண்டுகள் காத்திருந்தோருக்கு ஏழு நிமிடம் ஒரு பொருட்டோ என்று அவர் விடையிறுத்தார் என ஒரு கதை வழங்குகிறது. அது மெய்யாயினும் ஆகாதாயினும், அந்நாளில் மக்கள் உள்ளத்திருந்த மகிழ்ச்சியை அது நன்கு காட்டும்.

ஆட்சியைப் பெறுதல் ஒரு நாளில் முடிந்தது; ஆட்சியை நடத்துதல் அவ்வாறு முடிவதன்று. அமைச்சருட் பலர் இளைஞர். காலின்ஸுக்கு வயது 31. பின்னர் உள்நாட்டுத் துறையை மேற்கொண்ட கெவின் ஓ'ஹிக்கின்ஸ் அப்போது முப்பதும் நிரம்பாதவர். ஒளிந்து திரிந்து பழகியவர்கள் வரவு செலவுத் திட்டம் வகுக்கவும், அலுவலகங்களை நடத்தவும், வழக்கு மன்றங்களை அமைக்கவும் தொடங்கினர். அப்பணியில் சில சிறிய செயல்கள் மக்கள் மனத்தைப் பெரிதும் கவர்ந்தன. பிப்ரவரித் திங்களில் புதிய அரசின் முதல் அஞ்சல்தலைகள் வெளிவந்தன. தனியே அச்சிடக் காலமின்மையால், பிரிட்டிஷ் மன்னரின் முகம் பொறித்த பழைய தலைகளின்மீதே ஐரிஷ் மொழியில் இடைக்கால அரசின் பெயரை அச்சிட்டனர். தெருவோரம் நின்ற சிவப்பு அஞ்சற்பெட்டிகளுக்குப் பச்சை வண்ணம் பூசினர். பெட்டி பழையது, வண்ணம் புதிது. அன்றைய அயர்லாந்தின் நிலைமைக்கு அப்பெட்டியே தக்க உவமையாகும்.

மொழித்துறையில் ஒரு பெரிய முயற்சி தொடங்கியது. ஐரிஷ் மொழி மிகப் பழமையானது. பழங்கதைகளும் பாடல்களும் மலிந்தது. ஆயினும் பஞ்சத்தாலும், ஆங்கிலம் கற்றார்க்கே வாழ்வு என்னும் நிலைமையாலும் அது தேய்ந்து, மேற்குக் கடற்கரையூர்களிற் பெரும்பாலும் ஒதுங்கியிருந்தது. 1922ஆம் ஆண்டு மார்ச்சு 17ஆம் நாள், அந்நாட்டின் திருத்தொண்டராகிய பாட்ரிக்கின் திருநாளன்று, ஒரு புதிய விதி நடைமுறைக்கு வந்தது. கற்பிக்க வல்ல ஆசிரியர் உள்ள தொடக்கப் பள்ளிகளிலெல்லாம் நாள்தோறும் ஒரு மணி நேரத்திற்குக் குறையாமல் ஐரிஷ் மொழி பயிலப்பட வேண்டும் என்பதே அவ்விதி. மொழியறிந்த ஆசிரியர் மிகச் சிலரே இருந்தமையின், ஆசிரியர்கள் கோடை விடுமுறையில் தாமும் மாணவராக அமர்ந்து பயின்றனர். ஒரு மொழியைச் சட்டத்தினால் மட்டும் வீட்டுமொழியாக்கிவிட இயலாது என்பதைப் பின்வந்த காலம் காட்டியது. எனினும் அம்மொழி அடியோடு அழியாமல் நிலைபெற்றமைக்கு அம்முயற்சி துணைசெய்தது.

இனிக் காவல்துறையைக் காண்போம். பழைய காவற்படையினர் துப்பாக்கி ஏந்தி மக்களை அடக்கியவர். அப்படை கலைக்கப்பட்டது, புதிய காவற்படை ஒன்று தோன்றியது. காவலர் வெற்றி பெறுதல் படைக்கலத்தாலோ எண்ணிக்கையாலோ அன்று, மக்களின் தொண்டர் என்னும் அறவலிமையாலேயே என்பது அதன் முதல் தலைவராகிய மைக்கேல் ஸ்டெயின்ஸின் கொள்கை. நாட்டில் வெடிமுழக்கம் ஓயாதிருந்த அக்காலத்திலேயே அக்காவலர் துப்பாக்கியின்றி ஊர்தோறும் அனுப்பப்பட்டனர். அயர்லாந்தில் சீருடைக் காவலருட் பெரும்பாலோர் இன்றும் துப்பாக்கி ஏந்துவதில்லை.

ஒருபுறம் இவ்வாறு ஆக்கப்பணி நடக்க, மறுபுறம் அழிவின் வித்தும் முளைத்து வந்தது. பிரிட்டிஷ் படை ஒவ்வொரு பாசறையாக விட்டு நீங்கியது. அவ்விடங்களில் புகுந்த ஐரிஷ் படைப்பிரிவுகளிற் சில உடன்படிக்கையை ஏற்றன, சில வெறுத்தன. ஒரே ஊரில் இருவகைப் படையினரும் எதிரெதிரே தங்கினர். ஏப்ரல் 14ஆம் நாள் ரோரி ஓ'கானர் முதலிய எதிர்ப்பாளர்கள் டப்ளின் நகரின் ஆற்றங்கரையிலிருந்த ‘நான்கு மன்றங்கள்’ எனப்படும் பெரிய நீதிமன்றக் கட்டடத்தைக் கைப்பற்றிக்கொண்டனர். நேற்றுவரை ஒரு தட்டில் உண்டவரைச் சுடுதற்குக் காலின்ஸின் கை எளிதில் எழவில்லை. இணக்கம் காண அவர் பலவாறு முயன்றார். ஜூன் 16ஆம் நாள் நடந்த பொதுத்தேர்தலில் 128 இடங்களுள் உடன்படிக்கையை ஏற்ற சின் பெயின் பிரிவினர் 58 இடங்களையும், மறுத்த பிரிவினர் 36 இடங்களையும் பெற்றனர். எஞ்சிய இடங்கள் தொழிலாளர், உழவர் முதலிய பிறரைச் சேர்ந்தன. அவர்களும் பெரும்பாலும் உடன்படிக்கையை ஏற்று நாட்டில் அமைதியை விரும்பியவரே.

இணக்கம் கைகூடவில்லை. ஜூன் 28ஆம் நாள் விடியற்காலையில் அரசின் படை, பிரிட்டிஷாரிடம் இரவலாகப் பெற்ற பீரங்கிகளைக்கொண்டு நான்கு மன்றங்களைத் தாக்கியது. இரண்டு நாள் கழித்து, அங்கு வைத்திருந்த வெடிமருந்து பேரொலியுடன் வெடித்தது. அக்கட்டடத்தின் ஒரு பகுதியில் நாட்டின் ஆவணக் களரி இருந்தது. எழுநூறு ஆண்டுக் காலத்து அரசாணைகள், இறுதி முறிகள், திருக்கோயிற் பதிவேடுகள், மக்கட்கணக்கு ஏடுகள் ஆகியவை அங்கே அடுக்கப்பட்டிருந்தன. அவற்றுட் பெரும்பகுதி ஒரு பிற்பகலில் சாம்பலாயிற்று. எரிந்த தாளின் துண்டுகள் காற்றிற் பறந்து நகரெங்கும் வீழ்ந்தன. பாட்டன், முப்பாட்டன் பெயரை அறிய விழையும் ஐரிஷ் மக்கள் அவ்விழப்பை இன்றும் உணர்கின்றனர். சரியாக நூறாண்டு கழித்து, 2022ஆம் ஆண்டில், உலகின் பல நூலகங்களிற் கிடைத்த படிகளைத் திரட்டிக் கணிப்பொறியின் துணையால் அக்களரியை ஒருவாறு மீட்டமைத்துள்ளனர் அறிஞர். அழிக்க ஒரு பிற்பகல் போதியதாயிற்று. மீட்கத் தொடங்குவதற்கோ நூறாண்டு சென்றது.

மூண்ட தீ நாடெங்கும் பரவியது. தலைநகரின் பெருந்தெருவில் மாளிகைகள் இடிந்தன. விடுதலைப் போரில் படையமைச்சராக விளங்கிய காதல் புரூகா, எதிர்த்தரப்பில் நின்று, தாம் இருந்த கட்டடம் எரிய, சரணடைய மறுத்து வெளிவந்து குண்டடிபட்டு மாண்டார். தெற்கே மால்லோ என்னும் ஊரில் பிளாக்வாட்டர் ஆற்றின் குறுக்கே கட்டப்பட்டிருந்த இரயில் பாலம் ஆகஸ்டுத் திங்களில் தகர்க்கப்பட்டது. இவ்வாறு பல பாலங்கள் வீழ்ந்தமையின் ஊர்கள் ஒன்றனையொன்று அணுகமுடியாத தீவுகளாயின. பெற்றெடுத்த விடுதலைக்கு மக்கள் தம் பொருளையே எரித்து விளக்கேற்றியது போலாயிற்று.

ஆகஸ்டுத் திங்கள் அயர்லாந்திற்குப் பேரிழப்பைத் தந்தது. 12ஆம் நாள் ஆர்தர் கிரிபித், ஓயாத உழைப்பால் நலிந்து, மூளையில் குருதி கசிந்து இறந்தார்; அப்போது அவருக்கு வயது 51. பத்து நாள் கடந்து, 22ஆம் நாள் மாலையில், தம் பிறந்த மாவட்டமாகிய கார்க்கில் பயணம் செய்துகொண்டிருந்த மைக்கேல் காலின்ஸ், பேல் நா பிளா என்னும் சிற்றூர் வழியில் பதுங்கியிருந்த எதிர்த்தரப்பினரின் குண்டிற்கு இரையானார். செய்தி டப்ளினை எட்டியபோது நாடே திகைத்தது. கில்மெய்னம் சிறையில் அடைபட்டிருந்த எதிர்த்தரப்புக் கைதிகளும், தம்மைச் சிறையிட்ட அரசின் தலைவராகிய அவருடைய ஆன்மா அமைதியுறும்பொருட்டு முழந்தாளிட்டு வேண்டினர் என்று, அவர்களுடன் இருந்த டாம் பாரி பின்னாளில் குறிப்பிட்டுள்ளார். பகைமை அவர்களின் கைகளைப் பிரித்ததேயன்றி நெஞ்சங்களை முற்றும் பிரித்ததில்லை போலும்!

தலைவர் இருவரும் மறைந்தபின் டபிள்யூ. டி. காஸ்கிரேவ் பொறுப்பேற்றார். அவர் ஆரவாரமற்றவர், நகராட்சியில் பழகி நிருவாகம் அறிந்தவர். செப்டம்பர் 9ஆம் நாள் புதிய மன்றம் கூடியது. போர் நடந்துகொண்டிருக்கும்போதே அம்மன்றம் அரசியலமைப்புச் சட்டத்தை ஆராய்ந்து அக்டோபர் 25ஆம் நாள் நிறைவேற்றியது. ஆட்சியதிகாரம் அனைத்தும் மக்களிடமிருந்தே பிறக்கிறது என்று அச்சட்டம் கூறியது. சமய உரிமையையும், இலவசத் தொடக்கக் கல்வியையும் அது உறுதிப்படுத்தியது. ஐரிஷ் மொழியைத் தேசிய மொழியாக்கி, ஆங்கிலத்திற்கும் ஒப்ப உரிமை தந்தது. ஆண் பெண் என்னும் வேற்றுமையின்றி 21 வயது நிரம்பிய குடிமக்கள் அனைவருக்கும் வாக்குரிமை அளித்தது. பிரிட்டனில் பெண்கள் அவ்வுரிமையை ஆண்களுக்கு ஒப்பப் பெற்றது 1928ஆம் ஆண்டிலேயாம். மேலவையில் முன்னாளில் விடுதலையை விரும்பாதிருந்தோர்க்கும் சிறுபான்மைச் சமயத்தார்க்கும் இடம் தரப்பட்டது. அவ்வவையில் அமர்ந்தோருள் ஒருவர் கவிஞர் டபிள்யூ. பி. யேட்ஸ், 1912ஆம் ஆண்டில் தாகூரின் கீதாஞ்சலிக்கு முன்னுரை எழுதி மேலைநாட்டார்க்கு அதனை அறிமுகம் செய்தவர் அவரே.

சட்டம் செய்த கையே கடுந்தண்டனையும் விதித்தது. இசைவின்றிப் படைக்கலம் வைத்திருப்போரைப் படைமன்றம் கொலைத்தண்டனைக்கு உட்படுத்தலாம் என அரசு ஆணையிட்டது. நவம்பர் 24ஆம் நாள் எழுத்தாளர் எர்ஸ்கின் சில்டர்ஸ், தம்மிடம் சிறு கைத்துப்பாக்கி ஒன்று இருந்த குற்றத்திற்காகச் சுட்டுக் கொல்லப்பட்டார். இலண்டனில் உடன்படிக்கை பேசச் சென்ற குழுவிற்குச் செயலாளராயிருந்தவர் அவர். சாவதற்கு முன் தம் பதினாறு வயது மகனை அருகழைத்து, தமக்குக் கொலைத்தண்டனை விதித்தவர் ஒவ்வொருவரையும் பின்னாளில் தேடிச்சென்று கைகுலுக்க வேண்டும் என்று வாக்குறுதி பெற்றார். தம்மைச் சுட வந்த வீரர் அனைவரோடும் தாமே கைகுலுக்கிவிட்டுக் குண்டுகளை ஏற்றார்.

டிசம்பர் 6ஆம் நாள், உடன்படிக்கை கையெழுத்தாகி ஓராண்டு நிறைந்தபோது, ஐரிஷ் சுதந்திர அரசு முறைப்படி பிறந்தது. அன்று வெளிவந்த புதிய அஞ்சல்தலையில் அயர்லாந்துத் தீவு முழுவதும் எல்லைக்கோடு இன்றி வரையப்பட்டிருந்தது. மறுநாளே வடகிழக்கு மாவட்டங்கள் ஆறும் விலகி நிற்பதாக முடிவு செய்தன. படத்தில் ஒன்றாயிருந்த நாடு மண்ணில் இரண்டாயிற்று. அதே நாளில் மன்ற உறுப்பினராகிய ஷான் ஹேல்ஸ் டப்ளின் தெருவில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதற்கு மாறாக அரசு, ஜூன் திங்கள் முதல் சிறையிலிருந்த ரோரி ஓ'கானர் உள்ளிட்ட நால்வரை, எவ்வித விசாரணையுமின்றி, டிசம்பர் 8ஆம் நாள் காலையில் சுட்டுக் கொன்றது. அவ்வாணைக்கு இசைந்த அமைச்சர்களுள் ஒருவர் ஓ'ஹிக்கின்ஸ். அவர் முந்திய ஆண்டு மணம் புரிந்தபோது மாப்பிள்ளைத் தோழனாக அருகில் நின்றவர் அந்த ஓ'கானரே. திருவள்ளுவர் உட்பகைக்கென ஓர் அதிகாரமே வகுத்துக் கூறியதன் காரணம் இத்தகைய நிகழ்ச்சிகளை அறிவார்க்கு நன்கு விளங்கும்.

உள்நாட்டுப் போர் 1923ஆம் ஆண்டு மே திங்களில் ஓய்ந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் அயர்லாந்து சர்வதேச சங்கத்தில் உறுப்பினராயிற்று. டி வலேரா சிறை சென்று மீண்டார். 1926ஆம் ஆண்டில் புதிய கட்சி ஒன்றைத் தோற்றுவித்து, அடுத்த ஆண்டு மன்றத்தினுட் புகுந்தார். 1932ஆம் ஆண்டுத் தேர்தலில் அவர் வென்றபோது, காஸ்கிரேவ் ஒரு குண்டும் வெடியாமல் ஆட்சியை அவரிடம் ஒப்படைத்தார். பத்தாண்டுகட்கு முன் எதிரெதிர்ப் பாசறையில் நின்றவர் அவ்விருவரும். மக்களின் தீர்ப்பிற்குத் தலைவணங்கும் பழக்கம் அந்நாட்டில் வேரூன்றிவிட்டது என்பதற்கு அந்நாளே சான்று. பின்னர் டி வலேரா 1937ஆம் ஆண்டில் புதிய அரசியலமைப்பை நிறைவேற்றினார். 1938ஆம் ஆண்டில் மூன்று துறைமுகங்களும் திரும்பக் கிடைத்தன. 1949ஆம் ஆண்டில் அயர்லாந்து குடியரசாயிற்று. கிடைத்ததைக்கொண்டு மேலே செல்லலாம் எனக் காலின்ஸ் கூறிய வழியை, அவரை எதிர்த்து நின்றவரே பெரும்பாலும் நடந்து முடித்தார் எனலாம். 1937ஆம் ஆண்டின் அவ்வமைப்பிலிருந்தே நம் இந்திய அரசியலமைப்பை வகுத்தோர் அரசு நெறிக் கோட்பாடுகள் என்னும் பகுதிக்கு முன்மாதிரியைப் பெற்றனர்.

சில்டர்ஸின் மகன் தந்தைக்கு அளித்த வாக்கை மறந்தாரல்லர். அவர் வளர்ந்து, மன்ற உறுப்பினராகி, அமைச்சராகி, 1973ஆம் ஆண்டில் அயர்லாந்துக் குடியரசின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பெற்றார். தந்தையைச் சுட்ட நாடு மகனைத் தலைவராக்கியது. தந்தையை இழந்த மகன் அந்நாட்டிற்கே தொண்டு பூண்டார். 1922ஆம் ஆண்டில் இடிந்த பாலங்களைக் கல்லும் இரும்பும் கொண்டு சில ஆண்டுகளில் கட்டி முடித்தனர். பிரிந்த உள்ளங்களுக்கிடையே பாலம் அமைக்க இரண்டு தலைமுறை வேண்டியிருந்தது. அதற்கு முதற்கல் நாட்டியது, சாவின் வாயிலில் நின்று பகைவர்க்குக் கைநீட்டிய ஒருவரின் அருளுள்ளமேயாகும்.